பெரிய ரிம் மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: எங்கே உரசுகிறது, ஏன் நடுங்குகிறது, எப்போது பட்டறைக்குப் போவது

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு டயர் கடையில் பல வருடமாக வேலை செய்கிறேன். சம்பள வாரம் ஸ்போர்ட் ரிம் மாட்டிப் போகிறவர்கள், அடுத்த வாரமே சத்தம், நடுக்கம், இழுப்பு என்று திரும்பி வருகிறார்கள். சொல்லும் கோளாறுகள் ஏழெட்டுத்தான், காரணங்கள் அதைவிடக் குறைவு. அதனால் கோளாறை வைத்தே எழுதுகிறேன். உங்கள் காடிக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். செலவில்லாத காரணம் முதலில், காசு கரைக்கும் காரணம் கடைசியில்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் டார்ச் லைட்டோடு குனிந்து சில எண்களைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டயர் ஓரத்தில் அளவும் பார எண்ணும் இருக்கும். ரிம்மின் உள்பக்கம் அகலமும், ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதை மில்லிமீட்டரில் சொல்லும் 'ஈடி' என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். ரிம்மின் நடுத்துளை அளவை ரிம் வாங்கிய கடையில் கேட்டுக்கொள்ளலாம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி டயர் அளவும் காற்றழுத்தமும் உண்டு. இவை கையில் இருந்தால் ஃபோர்மேனிடம் பேசும் நேரம் பாதியாகிவிடும்.

உதாரணத்துக்கு நம் ஊரில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படும் பெரோடுவா மைவி காரையே எடுத்துக்கொள்கிறேன். 1.3 மைவிக்கு வந்த டயர் 175/65 ஆர்14: அகலம் 175 மில்லிமீட்டர், ஓரச் சுவர் அதில் 65 விழுக்காடு, ரிம் 14 அங்குலம். அதன் முழு உயரம் 583 மில்லிமீட்டர். 185/55 ஆர்15 போட்டால் 584.5, 195/45 ஆர்16 போட்டால் 582. இரண்டுமே அசலுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. "16தானே, எதுவானால் என்ன" என்று 195/50 ஆர்16 போட்டால் 601. அந்த 18 மில்லிமீட்டரில்தான் பாதிப் பேருடைய தொல்லை ஆரம்பிக்கிறது.

உரசும் சத்தம்: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும்

காண்டோ கார் பார்க்கில் வளைந்து வளைந்து இறங்கும்போது 'ஸ்ஸ்ர்ர்' என்று வரும். பயப்படுவதற்கு முன் ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பழைய காடிகளில் அதன் கிளிப் இரண்டு கழன்று, உறை டயர் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். மட்கார்டு திருகும் அப்படித்தான். கிளிப் மாற்றினால் வேலை முடிந்தது, ரிம் மேல் குற்றமில்லை.

உறை கெட்டியாக இருந்தால், எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டயரின் இரண்டு ஓரத்திலும் சாக்பீஸ் தடவி, மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து வாருங்கள். வெள்ளைத் தடம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். ஒரு தம்பி சாக்பீஸ் இல்லை என்று டேஷ்போர்டில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துவிட்டார். "அது முருகனுக்கு இருக்கட்டும் தம்பி, டயருக்கு வேண்டாம்" என்று சொல்லி, எதிர்க் கடையில் சாக்பீஸ் வாங்கிவரச் சொன்னேன்.

தடம் முன் பம்பர் ஓரத்திலோ உறையின் வெளி விளிம்பிலோ இருந்தால் ரிம் வெளியே தள்ளி நிற்கிறது என்று பொருள். ஈடி எண் குறையக் குறைய ரிம் வெளியே வரும். கணக்கு இப்படி: முன்பு 6 அங்குல அகலம், ஈடி 45. இப்போது 7 அங்குலம், ஈடி 38. வெளிப்பக்கம் 20 மில்லிமீட்டர் நீட்டிவிட்டது, உள்பக்கம் 6 மில்லிமீட்டர் நுழைந்துவிட்டது. ரிம்மை வெளியே தள்ள நடுவில் வைக்கும் தட்டான ஸ்பேசர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் உரசினால் அடுத்தது அகலம் குறைந்த டயர். அதற்கும் மசியாவிட்டால் ரிம்மையே மாற்ற வேண்டியதுதான்.

தடம் உள்பக்கம், அப்சார்பர் மேலோ பிரேக் குழாய் பக்கமோ இருந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் தேய்ந்தால் சத்தத்தோடு போகும். பிரேக் குழாய் தேய்ந்தால் பிரேக்கே போய்விடும். இது வீட்டு வாசலில் பார்க்கிற வேலை இல்லை, பழைய ரிம்மை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

உரசும் சத்தம்: பின் சீட்டில் ஆள் ஏறினால் மட்டும்

தனியாக ஓட்டினால் ஒன்றுமில்லை. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலைக்குக் கிளம்பினால் ஒவ்வொரு பம்பிலும் பின்னால் 'கர்ர்ர்'. இதைச் சொல்லி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "காடியைத் தாழ்த்த ஸ்பிரிங் வெட்டியிருக்கீங்களா?" முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள், அதுவே பதில்.

காற்றழுத்தம் சரியா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஆளில்லாத காடியின் பின் மூலையை அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் நல்லது, இரண்டு மூன்று முறை ஆடினால் அப்சார்பர் போய்விட்டது, ரிம் மேல் பழி போடாதீர்கள். அப்சார்பர் நன்றாக இருந்து, தாழ்வான ஸ்பிரிங் போட்டிருந்தால் கம்பெனி ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கடைசி வழி ஃபெண்டரின் உள் மடிப்பைச் சூடு காட்டி மடக்குவது. நன்றாகச் செய்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர் மழைக்கு, பெயிண்டில் மயிரளவு விரிசல் விழுந்தால்கூடத் துரு உள்ளே புகுந்துவிடும். வெளியே தெரியும்போது பொரிபொரியாக வந்திருக்கும். நான் பரிந்துரைப்பதில்லை. 205 டயரைக் கழற்றி 195 போட்டாலே தீரும் தொல்லைக்கு ஏன் தகரத்தை வளைக்க வேண்டும்?

நேராகப் போகும்போதே டிக் டிக் என்று வந்தால்

வேகத்துக்கு ஏற்ப வேகமாகும் 'டிக் டிக்' என்றால் டயர் பள்ளத்தில் கல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரிம் உள்ளே ஒட்டிய பேலன்சிங் ஈயம், பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரில் தட்டுகிறது. ஈயத்தை ரிம்மின் வேறு வரிசையில் ஒட்டச் சொல்லுங்கள். ரிம்மின் கம்பிகளே கேலிப்பரைத் தொடுகின்றன என்றால் அந்த ரிம் உங்கள் காடிக்கு இல்லை. கேலிப்பரைத் தேய்த்துச் சரி செய்கிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

நடுக்கம்

இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கே, எப்போது நடுங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம். சீட்டில், முதுகில் தெரிந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பிரேக் டிஸ்க், சக்கரமில்லை. எண்ணெய் (பெட்ரோல் பெடல்) மிதித்து ஏறும்போது மட்டும் என்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே காடி நொண்டுகிறதா? டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது டயர் உருக்குலைந்திருக்கிறது, அல்லது ரிம் வளைந்திருக்கிறது. டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்க வேண்டும்.

கீழ் வேகத்தில் ஒன்றுமில்லை, 90 தாண்டியதும் தொடங்கி 110 பக்கம் அடங்கிவிடுகிறதா? பேலன்சிங் அல்லது ஹப் ரிங். எல்லோரும் பேலன்சிங்கோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரு அண்ணன் காராக் நெடுஞ்சாலை வழியாக பெந்தோங்குக்குத் தினமும் போய் வருகிறவர். புது 16 அங்குல ரிம் மாட்டியதிலிருந்து கை நடுங்கிக்கொண்டே ஓட்டுகிறார். மூன்று கடையில் மூன்று முறை பேலன்சிங். மெஷினில் சுழற்றினால் எல்லாம் பூஜ்யம் காட்டுகிறது, ரோட்டில் ஏறினால் அதே ஆட்டம். எங்களிடம் வந்தபோது நான் மெஷினைத் தொடவே இல்லை. சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் நடுத்துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். துளை 73.1 மில்லிமீட்டர், அதற்குள் உட்காரும் மைவியின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) 54.1. நடுவில் வெறும் காற்று.

"ரிங் ஏதும் கொடுக்கலையா அண்ணே?"

"என்ன ரிங்?"

விஷயம் அவ்வளவுதான். வெளியே விற்கும் ரிம்கள் பல காடிகளுக்குப் பொருந்த வேண்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே செய்கிறார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டால்தான் சக்கரம் நடுவில் உட்காரும். இல்லாவிட்டால் நான்கு நட்டுகள்தான் அதைத் தாங்கி நிறுத்த வேண்டும், அவை எந்தப் பக்கம் முதலில் இறுகுகின்றனவோ அந்தப் பக்கம் சக்கரம் ஒரு இழை தள்ளி நிற்கும். பேலன்சிங் மெஷின் ரிம்மைத் தன் கூம்பில் நடுவாகப் பிடித்துச் சுழற்றுகிறது, அதனால் அங்கே குற்றம் தெரியவே தெரியாது. நான்கு வளையம் சில பத்து வெள்ளிக்கு முடிந்தது. பிளாஸ்டிக்கில் வாங்கினால் வளையத்தின் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை டயர் கழற்றும்போதும் பாருங்கள். கடைக்காரர் பழைய ரிங்கை மேசையில் மறந்துவிட்டு மாட்டி அனுப்புவதும் உண்டு. எண்ணி வாங்குங்கள்.

ரிங்கும் இருக்கிறது, பேலன்சிங்கும் புதிது, இன்னும் நடுங்குகிறதா? முன் சக்கரத்தைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் அந்தச் சக்கரம்தான் குற்றவாளி. மெஷினில் வைத்து ரிம் ஓரம் மேலும் கீழும் ஆடுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கச் சொல்லுங்கள். இடம் மாறாமல் அங்கேயே நின்றால் ஹப், பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள். இதற்கு மேல் பட்டறை வேலை. 'ஊம்' என்று ஒரு முனகல் வேகத்தோடு ஏறி, வளைவில் கூடிக் குறைந்தால் பேரிங் என்றே வைத்துக்கொள்ளலாம்.

துளை வட்டம், அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் மில்லிமீட்டர் குறுக்களவு, தவறாக இருப்பது அபூர்வம், ஆனால் ஆபத்து. 5 துளை 114.3 காடிக்கு 5 துளை 112 ரிம்மை அழுத்தி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் 2.3 மில்லிமீட்டர்தானே என்பார்கள். நட்டு ஏறும், நேராக உட்காராது. அந்தக் காடியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

காடி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது கோடு தாண்டி அலைகிறது

எம்ஆர்ஆர்2 வட்டச் சாலையின் இடது தடத்தில் லோரிகள் அமுக்கிய இரண்டு பள்ளக் கோடுகள் ஓடும் இடங்கள் உண்டு. அங்கே மட்டும் காடி தானாக அலைந்தால் அது கோளாறில்லை. அகலமான, ஓரம் குட்டையான டயர் ரோட்டின் மேடு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போகும். பெரிய ரிம்மோடு சேர்ந்து வந்த விலை அது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

சமமான ரோட்டிலும் இழுத்தால் முதலில் காற்று. இரண்டு முன் டயருக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. அடுத்து முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள். டயரில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். இழுப்பு பக்கம் மாறினால் டயர் குறை. மாறாவிட்டால் அலைன்மெண்ட். அலைன்மெண்ட் முடிந்ததும் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டயரின் உள்ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் தாழ்த்தியதால் சக்கரம் சாய்ந்திருக்கிறது, சாதாரண அலைன்மெண்டில் அது முழுக்க நிமிராது. வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடம் அது, ஒடித்து வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் பூ (ரோட்டைத் தொடும் பள்ள வரிகள்) தேய்ந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது.

பிக்அப் போய்விட்டது, எண்ணெய் குடிக்கிறது

பழைய ரிம்மையும் புது ரிம்மையும் டயரோடு வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோ கூடியிருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம். சிறிய எஞ்சின் அதைச் சுழற்றியாக வேண்டும், பிரேக் அதை நிறுத்தியாக வேண்டும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது வித்தியாசம் காலில் தெரியும், கீழ் கியரில் இறங்குங்கள்.

எடை கூடவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். மேலே சொன்ன 601 மில்லிமீட்டர் டயரில் மீட்டர் 3 விழுக்காடு குறைத்துக் காட்டும். கம்பெனி மீட்டர் பெரும்பாலும் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆனாலும் பிளஸ் நெடுஞ்சாலையில் 110-ஐ ஒட்டியே ஓட்டுகிறவர்கள் போனில் வேஸ் செயலி காட்டும் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது, கேமராவிடம் ரிம் கதை எடுபடாது. இன்னொன்று: மீட்டர் தூரத்தையும் குறைத்தே எண்ணுகிறது. நீங்கள் 515 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள், அது 500 என்று சொல்லும். எண்ணெய் கூடக் குடிக்கிறது என்ற புகாரில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான்.

அடிக்கடி காற்று இறங்குகிறது, ஓரத்தில் வீக்கம்

175/65 டயரின் ஓரச் சுவர் 114 மில்லிமீட்டர். 195/45-இல் 88. 205/40 ஆர்17-இல் 82. மாலை மழையில் குழி எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாத ரோட்டில், குறைந்துபோன அந்த 30 மில்லிமீட்டர்தான் ரிம்முக்கு மெத்தையாக இருந்தது.

ஓரத்தில் முட்டை மாதிரி வீங்கினால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்டுப் போட முடியாது, டயரை மாற்ற வேண்டும். "மெதுவாகத்தான் ஓட்டுறேன் அண்ணே" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

வீக்கமில்லாமல் வாரம் ஒருமுறை காற்று இறங்கினால் வால்வு, பூ, ரிம் ஓரம் என்று வரிசையாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ரிம்மின் உள்விளிம்பில் குமிழி வந்தால் குழியில் அடித்து வளைந்திருக்கிறது. சின்ன வளைவை நிமிர்த்தும் கடைகள் உண்டு. விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்காதீர்கள், ரிம்மைத் தூக்கிப் போடுங்கள். இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

டயர் மாற்றும்போது பார எண்ணையும் பாருங்கள். மைவியின் அசல் டயர் 82, ஒரு சக்கரத்துக்கு 475 கிலோ. 195/45 ஆர்16-இல் 80 என்று எழுதியிருந்தால் 450 கிலோதான். 84 எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் டயர்) வாங்குங்கள், 500 கிலோ தாங்கும். ஆனால் எக்ஸ்எல் டயர் அந்தப் பாரத்தைத் தாங்க அதிகக் காற்று கேட்கும். ஸ்டிக்கரில் 230 கிலோபாஸ்கல் என்று இருந்தால் எண்ணெய் நிலைய பம்பில் 250 வைத்து அடியுங்கள். காற்றுக் குறைவாக ஓட்டித்தான் பாதி ரிம் வளைகிறது.

நட்டு தளர்கிறது, கழற்ற வரவில்லை

ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை அடி. வெளி ரிம்கள் பெரும்பாலும் கூம்பு அடி கேட்கும். மாற்றிப் போட்டால் இறுகினது போலத் தோன்றும், ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய வளையம் மட்டுமே. ரிம்மின் துளைக்குள் நட்டு பளபளவென்று தேய்த்த தடம் இருந்தால் இதுதான். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் ஓரமாக நிறுத்தி நட்டைத் தொட்டுப் பாருங்கள். கையால் திருகினாலே அசைந்தால் அங்கிருந்து ஓட்ட வேண்டாம்.

மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் உள்ள கடையில் 100 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வைக்கச் சொல்லுங்கள், இந்த அளவுக் காடிகளுக்கு அது போதும். இம்பேக்ட் கன்னால் 'டர்ர்ர்' என்று முடிக்கும் பையனைத் தடுத்து நிறுத்துங்கள். ஸ்டட் மரை போனால் செலவு உங்களுக்கு.

புஸ்பாகோமில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

காடியை விற்க, வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமுக்கு பி5 என்ற பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. டயர் ஃபெண்டரை விட்டு வெளியே நீட்டினால் சிக்கல், ரோட்டில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) மடக்கினாலும் அதே சிக்கல். நிமிர்ந்து நின்று ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு நூல் குண்டு தொங்கவிடுங்கள். டயர் நூலைத் தள்ளினால் அந்த ரிம்மோடு போக வேண்டாம். அதனால்தான் பழைய ரிம்மை விற்றுவிடாதீர்கள் என்று மாட்டும் அன்றே எல்லோரிடமும் சொல்கிறேன். நூறு இருநூறு வெள்ளிக்குத் தள்ளிவிட்டு, பிறகு நாள் வாடகைக்கு ரிம் தேடி அலைகிறவர்கள் உண்டு.

பழைய நட்டுகளையும் ஒரு பையில் போட்டு காடியின் பின் பூட்டில் (டிக்கியில்) வையுங்கள். ஸ்பேர் டயர் இரும்பு ரிம்முக்கு அவைதான் சரியாக உட்காரும். புது நட்டுக்குத் தனிச் சாவி இருந்தால் அதுவும் அதே பையில் இருக்கட்டும். போன மழைக்காலத்தில் கெசாஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் வெடித்து நின்ற ஒருவர் இரவு பதினொன்றுக்கு எனக்குப் போன் செய்தார். ஜேக் இருந்தது, ஸ்பேர் இருந்தது. சாவி மட்டும் வீட்டில், செருப்பு அலமாரி மேல்.